துருவைக் கழுவியவனுக்கு

உன் தங்கை ஈஸ்வரி செய்த நீர்மூழ்கிக் கப்பலை நீ கழுவி நாசமாக்கினாய். பிறகு அதை நீயே செய்ததாகச் சொல்லி உன் மாமனாருக்குத் தூக்கிக் கொடுத்தாய். இரண்டும் நடந்தவை, இதில் பேச்சுக்கு இடமில்லை. போனில் கேட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் பாதி படித்து அழித்துவிடுவாய். அதனால் நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடுகிறேன். உன் கல்யாணப் பத்திரிகையை அங்கேதானே போட்டாய், இதுவும் அதன் கீழேயே கிடக்கட்டும். விஷயம் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் மானாவாரிக் காட்டில் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வராமல் வெறும் புழுதிப் புகை வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். வண்டிக்காரன் போன பிறகு மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் குழாயை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈஸ்வரிதான் அதில் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு வந்தாள். உன் அப்பா கேட்டார், "ஏத்தா, இத வச்சு என்ன பண்ணப் போற?" அவள், "நீர்மூழ்கிக் கப்பல்ப்பா" என்றாள். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "குடிக்கவே தண்ணி இல்ல, இதுல முழுகுறதுக்கு எங்கிட்டுப் போவ? நம்ம கெணத்துலயா?" "நம்ம கெணத்துல விட்டா தரை தட்டிரும்ப்பா" என்றாள் அவள். அப்படித்தான் அது தொடங்கியது. குழாயின் இரண்டு முனையிலும் சுவருக்குப் பூசுகிற பட்டியைப் பூசிப் பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூக்கு ஒரு வடிவமாகவும் வால் ஒரு வடிவமாகவும் கொண்டுவந்தாள். நடுவில் நிற்கிற கோபுரத்துக்குத் தகடு வெட்டினாள். மேல்தளத்தின் ஓரத்தில் தண்ணீர் வடிய வரிசையாகச் சிறு துளைகள் இருக்குமாம், அதை ஊசியைச் சுடவைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். பகலெல்லாம் என்னோடு பந்தல்குடியில் நம் பெயிண்டுக் கடையில் நின்று கலர் கலந்து கொடுப்பாள். கடை அடைத்த ஞாயிறுகளில் இந்த வேலை.

நீயும் அந்தப் பெயிண்டுக் கடையில் வளர்ந்தவன்தான். ஆனால் பெயிண்டைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது என்பதை நான் இப்போது சொல்கிறேன். நம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எதையாவது மறைக்கத்தான் வருகிறார்கள். கேட்டில் துரு, சுவரில் ஓதம், வண்டியில் கீறல். ஊரெல்லாம் துருவை மறைக்கப் பெயிண்ட் வாங்கும்போது இவள் ஒருத்திதான் அதே பெயிண்டை வைத்துத் துருவை வரைந்தாள். கப்பலுக்கு அடியில் சிவப்பும் மேலே கருஞ்சாம்பலும் அடித்து முடித்த அன்று நானே சொன்னேன், "நல்லாருக்குத்தா, இதோட விட்டுரு." அவள் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் கடலுக்கே போகலம்மா" என்றாள். அதைக் கடலுக்கு அனுப்ப அவளுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது.

எப்படி அனுப்பினாள் என்று உனக்குத் தெரியுமா? தூத்துக்குடி ரோட்டில் உப்பு லோடு ஏற்றி வருகிற லாரிகள் நம் கடைக்கு எதிரே டீ குடிக்க நிற்கும் அல்லவா, அவற்றின் அடியில் குனிந்து குனிந்து படம் எடுப்பாள். உப்புத் தண்ணீர் இரும்பை எப்படித் தின்கிறது, துரு எந்த இடத்தில் தொடங்குகிறது, மழை பட்டால் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று பார்ப்பாள். ஒரு டிரைவர் டீ கிளாசோடு ஓடி வந்து சண்டைக்கு நின்றார். "ஏம்மா, நீ யாரு, ஆர்.டி.ஓ ஆபீஸா? என் வண்டிக்குக் கீழ என்ன தேடுற?" "துரு பாக்குறேண்ணே." "துருவா? என் வண்டியில இல்லாததையா பாத்துட்ட? நல்லா பாரு, உள்ளயும் இருக்கு, அதையும் பாத்துக்க" என்று கதவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வருகிற நாளெல்லாம் கடையைப் பார்த்து, "ஆர்.டி.ஓ அம்மா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிப்பார். முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரருக்கு அவள் செய்கிற வேலை மேல் இருந்த மரியாதை கூடப் பிறந்த உனக்கு இல்லை.

சமையல் கல்லுப்பைத் தண்ணீர் தடவிய இடத்தில் தூவி, மேலே பெயிண்ட் அடித்து, காய்ந்த பின் உப்பை உதிர்த்துவிடுவாள். உப்பு இருந்த இடமெல்லாம் பெயிண்ட் பெயர்ந்து அடியில் இருக்கிற நிறம் தெரியும். உண்மையாகவே கடலில் கிடந்து பெயர்ந்தது மாதிரி இருக்கும். துளைகளுக்குக் கீழே பழுப்பு ஆயில் கலரில் புள்ளி வைத்து, தின்னர் தொட்ட பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுப்பாள். நான் ஒருநாள் உதவுகிறேன் என்று பக்கவாட்டில் இழுத்துவிட்டேன். "யம்மா, துரு சைடுல ஒழுகுமா? மேல இருந்து கீழதான் வரும்" என்று என் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள். திருச்சுழிப் பக்கம் போய்வந்தபோது செவல் மண் அள்ளிவந்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, மாவு மாதிரி ஆக்கி, பெயர்ந்த இடங்களின் ஓரத்தில் உலர்ந்த பிரஷ்ஷால் ஒற்றினாள். தண்ணீர் மட்டத்தில் பாசி படிந்த கோடு, மேல்தளத்தில் வெயிலில் வெளுத்த சாம்பல், கோபுரத்தில் உப்பு பூத்த வெள்ளை. முடிந்தபோது அது கடலடியில் கிடந்துவிட்டு இப்போதுதான் மேலே வந்ததுபோல இருந்தது. எனக்குக் கிட்டே போகவே பயமாக இருந்தது. உன் அப்பா மூக்கை அருகில் கொண்டுபோய், "மீன் வாடை அடிக்கிற மாதிரியே இருக்கே" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பாராட்டு அது.

நீ லீவுக்கு வந்தபோது அதற்கு வைத்த பெயர் அழுக்குக் கப்பல்.

பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் நான்தான் சொன்னேன், எல்லாவற்றையும் துடைத்து வையுங்கள் என்று. ஒட்டடை அடித்தோம், வெள்ளை அடித்தோம், அடுப்படிப் பாத்திரம் முதற்கொண்டு வெளியே போட்டு விளக்கினோம். நம் பக்கத்தில் சம்பந்தம் பேச ஆள் வருகிறது என்றால் வீட்டில் பழசாக ஒன்றும் கண்ணில் படக்கூடாது. சாமி படத்துக்குக்கூடப் புதுக் கண்ணாடி போடுவோம். அந்தச் சாக்கைத்தான் நீ இப்போது பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். "நீதானம்மா தொடைக்கச் சொன்ன." நான் ஃபேனைத் துடைக்கச் சொன்னேன். அவர்கள் வருகிற அன்று, ஈஸ்வரி பலகாரச் சட்டிக்கு முன்னால் என்னோடு நின்றுகொண்டிருந்த காலையில், நீ அதைக் குளியலறைக்குத் தூக்கிப் போய் ஷாம்பு போட்டுத் தேய்த்தாய். மண் எல்லாம் முதல் தண்ணீரிலேயே போயிற்று. ஆயில் கலர் போகவில்லை. அப்போதாவது இது அழுக்கு அல்ல என்று உனக்கு உறைத்திருக்க வேண்டும். என்ஜினியர் அல்லவா நீ? கடையிலிருந்து தின்னர் எடுத்துவந்து துணியில் நனைத்துத் துடைத்தாய். பெயிண்ட் குழைந்து குழாயே பிசுபிசுத்துப் போனது. செய்ததை மறைக்க, வண்டிக் கீறலுக்கு அடிக்கிற கறுப்பு ஸ்பிரேயை நம் கடை அலமாரியிலிருந்தே எடுத்து மேலே அடித்தாய். ஈரத்தின் மேல் அடித்ததால் வால் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாய். தெரியாமல் செய்தேன் என்கிறாயே, தெரியாதவன் ஏன் திருப்பி வைக்க வேண்டும்?

அடுத்து நடந்ததை யாரும் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. அங்கேயே நின்றேன். மதுரையில் பர்னிச்சர் ஷோரூம் வைத்திருக்கிற உன் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது அதுதான். "இது என்ன மாப்ளே, கறுப்பா, பளபளன்னு?" நீ சொன்னாய், "நீர்மூழ்கிக் கப்பல் மாமா. நான்தான் சும்மா பொழுதுபோக்கா செஞ்சேன்." ஈஸ்வரி அந்த நேரம் காபித் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அது கறுப்பாகிவிட்டதை அவள் அப்போதுதான் பார்த்தாள். "காபி எடுத்துக்கங்க மாமா" என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் சும்மா இருக்கவில்லை. சபை என்றுகூடப் பார்க்காமல் சொன்னேன், "அது எம் மக செஞ்சது." உடனே நீ சிரித்தாய். "ஆமா மாமா, அவதான் தொடச்சுக் குடுத்தா. எங்கம்மாவுக்கு மகன்னா எளக்காரம், மகதான் ஒசத்தி." வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், விடு என்று. நான் திரும்பவும் வாயைத் திறப்பதற்குள் உன் மாமனார், "இது எங்க ஷோரூம்ல இருக்க வேண்டிய சாமான் மாப்ளே" என்றார். "எடுத்துட்டுப் போங்க மாமா" என்றாய். கேட்டவுடன் கொடுத்தாய். உன்னுடைய ஒரு சட்டையைக்கூட நீ யாருக்கும் அப்படிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

உன் அப்பா அன்று சாயங்காலம் சொன்னது, "கல்யாணம் முடியட்டும், அவ வேற ஒண்ணு செஞ்சுக்குவா, வெளையாட்டுச் சாமான்தான?" நான் கேட்டேன், "அவ செஞ்சா வெளையாட்டுச் சாமான். இவன் செஞ்சேன்னு சொன்னதும் ஷோரூம் சாமான். அதெப்படிங்க ஒரே சாமான் ரெண்டாச்சு?" இந்த ஊரே அப்படித்தான். ஒரு பெண் தன் கையால் எதையாவது செய்தால் அவளுக்குப் பொழுது போகவில்லை என்பார்கள், சீக்கிரம் கட்டிக்கொடு என்பார்கள். அதையே ஓர் ஆண் தொட்டால் கைராசி, கெட்டிக்காரத்தனம், கூடப் பிறந்த திறமை. காடு உனக்கு என்று எழுதியாகிவிட்டது. கடையும் உனக்குத்தான் என்று உன் அப்பா வாயால் சொல்லியாகிவிட்டது. மாடியில் கட்டுகிற அறையும் உனக்கு. அவளுக்கு என்று இந்த வீட்டில் இருந்தது தண்ணீர் வராத போரில் மிஞ்சிய ஒரு குழாய்த் துண்டு. அதையும் விடவில்லை நீ.

அதோடு நின்றிருந்தால்கூட இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அவள் உனக்கு முன்பு ஆசையாக அனுப்பியிருந்த கப்பலின் துருப் படங்களை எல்லாம் எடுத்து, உன் பேஸ்புக்கில் போட்டு, குழாய் அறுத்ததிலிருந்து நானே செய்தேன் என்று எழுதியிருக்கிறாய். மாமனார் கேட்டாராம், போட வேண்டியதாகிவிட்டதாம். அதற்கும் மேலே ஒருநாள் அவளுக்கே போன் போட்டாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டேன். "ஈஸு, மாமா இன்னொண்ணு கேக்குறாக. அவுக புதுக் கடை தெறப்பு விழாவுக்கு. கோல்டு கலர்ல. நீ செஞ்சு பஸ்ஸுல போட்டு விடு, நான் எடுத்துக்கிறேன்." தங்கக் கலரில் நீர்மூழ்கி. அவள் என்னைப் பார்த்தாள், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அண்ணே, நீதான செஞ்ச? நீயே செஞ்சு குடு" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவள் உன்னை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அதற்கு நீ என்னிடம் வந்து, கல்யாண நேரத்தில் அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று புகார் சொன்னாய்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், குழுவில் படிக்கிறவர்களும் கவனித்துப் படியுங்கள். தூத்துக்குடியில் ஒரு பட்டறை இருக்கிறது. கப்பல் கம்பெனிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் கப்பல் மாதிரிகள் செய்துகொடுக்கிறார்கள். ஈஸ்வரி அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, செய்ததைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். பெயிண்ட் பிரிவில் வேலை. அவள் படித்த படிப்புக்கு யாரும் கொடுக்காத வேலை, கடையில் என் பக்கத்தில் நின்று வயதாவதிலிருந்து அவளுக்கு வெளியே போக இருக்கிற ஒரே வழி. கப்பல் மதுரையில் ஷோகேஸில் இருக்கிறது. அதனால் வெறுங்கையோடு, படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு நானும் அவளும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பட்டறைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இந்த இடத்தில் பெயிண்டை எப்படிப் பெயர்த்தாய் என்று கேட்டார். உப்பு என்றாள். "கல்லுப்பா, தூளுப்பா?" "ரெண்டுமே சார். பெரிய பெயர்வுக்குக் கல்லு, சின்னதுக்குத் தூளு." அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு தன் போனை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். அதில் உன் பேஸ்புக் பக்கம், உன் சிரிப்பு, அவள் கப்பல். "இவரு யாரும்மா?" "எங்கண்ணன் சார்." "அவரு செஞ்சதா போட்டிருக்காரே." அவள், "நான்தான் சார் செஞ்சேன்" என்றாள். குற்றம் செய்தவள் மாதிரி என் பிள்ளை அங்கே நின்றாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை. "உனக்கு வேல தெரியும்னு தெரியுதும்மா. பேசுறதுலயே தெரியுது. ஆனா இங்க வாரவுகள்ல பாதிப் பேரு அடுத்தவன் படத்தக் காட்டுறாக. பெத்தவுக பிள்ளைக்காகப் பேசத்தான் செய்வாக. உங்கண்ணன் எனக்கு ஒரு போன் போட்டு, அது தங்கச்சி செஞ்சதுன்னு சொல்லட்டும். போதும். இந்த மாசக் கடைசி வரைக்கும் இடத்த வச்சிருக்கேன்" என்றார். அவர் கேட்டதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

ஒரு போன். உன்னிடம் சொன்னேன். "மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பார்?" என்றாய். "கல்யாணம் முடியட்டும்மா" என்றாய். உன் கல்யாணம் அடுத்த மாதம், அவளுக்குச் சொன்ன கெடு இந்த மாதம். இது உனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சொல்கிறாய். பேஸ்புக்கில் போட்டதை எடுத்துவிடு என்றால், எடுத்தால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்களாம். கேட்கட்டும் ஐயா. கேட்டால் சொல். கல்யாணம் ஆகப்போகிற உனக்குப் பெற்றவள் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள், இதைத்தான் சொல்வேன். நாளைக்கு உன் பெண்டாட்டி பட்டியையும் உப்புத்தாளையும் வாங்கி வைத்து, நம் பிள்ளைக்கு ஒன்று செய்துகொடுங்கள் என்று கேட்பாள். அப்போது யாருக்குப் போன் போடுவாய்? அவள் ஒருநாள் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்துவிட்டு, இவன் இன்னும் எதை எல்லாம் கழுவி எனக்குக் காட்டினான் என்று உன்னை வாழ்நாள் முழுக்கச் சந்தேகத்தோடு பார்ப்பாள். பெண் வீட்டார் இந்தக் குழுவில் இல்லை, ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் இப்போதே இதைச் சொல்லிவிட முடியும். சொல்லாமல் இருப்பது ஒரே காரணத்துக்காக. நீயாகச் சொன்னால்தான் நீ மனிதன்.

தூத்துக்குடியிலிருந்து வந்த நாள் முதல் அவள் பிரஷ்ஷைத் தொடவில்லை. கடைக்கு வருகிறாள், டப்பாவை ஆட்டிக் கொடுக்கிறாள், யாராவது கேட்டால் கலர் அட்டையைக் காட்டுகிறாள். அந்த உப்பு லாரி டிரைவர் நேற்று வந்து வழக்கம்போல, "ஆர்.டி.ஓ அம்மா, புதுசா துரு வந்திருக்கு, வந்து பாக்குறீகளா?" என்றார். "இல்லண்ணே, வேல இருக்கு" என்றாள். கடையில் ஒரு வேலையும் இல்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

கப்பலை நான் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் கறுப்புச் சாமானை உன் மாமனாரே வைத்துக்கொள்ளட்டும், அது இப்போது உன்னுடையதுதான். மண்டபத்தில் மைக் பிடித்து மன்னிப்புக் கேள் என்றும் சொல்லவில்லை. பட்டறைக்காரரின் எண்ணை உனக்குத் தனியாக அனுப்பினேன். நீ அதைப் பார்த்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது. அவருக்கும் போன் போட்டுக் கேட்டேன், உன்னிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை என்றார். இந்தக் குழுவில் நூற்றுக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், பெரியப்பா இருக்கிறார், அத்தைகள் இருக்கிறார்கள், எல்லோரும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மாசம் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு, முதலில் உன் பெயரைச் சொல், அடுத்து அவள் பெயரைச் சொல், அதைச் செய்தது யார் என்று சொல்.